இடுப்புக் கோட்டுக்கு ஒரு சர்டிபிகேட்

நிச்சயதார்த்தத்தில் உப்புச் சர்க்கரை மாற்றி முடித்த கையோடு, மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த அரக்கு நிறப் பட்டுப்புடவையைப் பெண்ணுக்குக் கட்டிவிட மாப்பிள்ளையின் அக்கா தனப்பிரியா உள்ளறைக்குப் போனதையும், கொசுவம் செருகும்போது மோனிஷாவின் இடுப்பைப் பார்த்து அவள் கை சட்டென்று நின்றதையும் போன வாரம் பார்த்தோம். தனப்பிரியா ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமலே அந்தச் செய்தி பொழுது சாய்வதற்குள் எருமப்பட்டியிலிருந்து திருச்செங்கோடு போய்ச் சேர்ந்துவிட்டது.

பெண்ணின் இடுப்பில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. பிள்ளை பெற்றவளுக்கு வருகிற கோடு.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி" என்று ஒருவர் பேச்சை ஆரம்பித்தால், தப்பாக எடுத்துக்கொள்ள என்னவோ வரப்போகிறது என்று அர்த்தம். மாப்பிள்ளையின் தாயார் ஜானகியம்மாள் நேற்றுப் போனில் அப்படித்தான் ஆரம்பித்தார். "எங்களுக்குச் சந்தேகம் ஒண்ணுமில்லீங்க. ஊர் வாய்க்குத்தான். எங்களுக்குத் தெரிஞ்ச லேடி டாக்டர் ஒருத்தங்க இருக்காங்க. புள்ளையை ஒருக்கா அவங்ககிட்ட காட்டிட்டா ரெண்டு ஊட்டுக்கும் நிம்மதி."

அதற்குப் பெண்ணின் தகப்பனார் சென்னியப்பன் என்ன பதில் சொன்னார் என்பது அவரைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. போனை எடுத்துக்கொண்டு தீவனக் கிடங்குக்குப் பின்னால் போய்விட்டார்.

சென்னியப்பனை ஊரில் தெரியாதவர்கள் இல்லை. தெரியாமல் இருக்க அவர் விட்டதும் இல்லை. கோழிப்பண்ணை வாசலில் நிற்கும் பலகையில் 'முட்டை ஏற்றுமதித் தொழிலதிபர், கல்வித் தந்தை' என்று போட்டிருக்கும். முதலாவது உண்மை. இரண்டாவது, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அவர் மின்விசிறி வாங்கிக் கொடுத்த அன்று ஒட்டிக்கொண்டது. விசிறியின் மூன்று இறக்கையிலும் அவர் பெயர் இருக்கும். சுற்றும்போது படிக்க முடியாது என்பதால், பிள்ளைகளுக்காகக் கரண்ட் போகிற நேரம் பார்த்துப் போய் நிற்பார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

இன்றைக்குக் காலையில் மோனிஷாவின் அறைக்குள் சமையற்கட்டே குடிபெயர்ந்து வந்திருந்தது. விளக்கெண்ணெய், கற்றாழை, பாலாடை, உருளைக்கிழங்குச் சாறு, ஒரு கிண்ணத்தில் நுரை பொங்க அடித்த வெள்ளைக்கரு. கூடவே மருந்துக்கடைக்காரர் "இது கைகண்டதுங்கக்கா" என்று எடுத்துக் கொடுத்த டியூப்.

"திரும்பிப் படு அம்முணி" என்றாள் தாய் ராசாத்தி.

"அம்மா, நான் என்ன ஆம்லேட்டா? வெங்காயமும் மொளகும் மட்டுந்தான் போடலை."

"பேசாத கண்ணு. காயக் காய இழுத்துப் புடிச்சுச் சுருங்கிரும்."

"எது, கோடா? நானா?"

ராசாத்தி இன்னொரு கை வெள்ளைக்கருவை அள்ளினாள். மகளின் இடுப்பில் இரண்டு பக்கமும், அடிமுதுகில் குறுக்காகவும், ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த தடம்போல ஓடின அந்தக் கோடுகள். விரலால் தடவினால் லேசான பள்ளம். அவளுக்கு அவை புதிதல்ல. மோனிஷா ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் முதலில் ஊதா நிறத்தில் வந்தன. அந்த விடுமுறையில் அவள் வளர்ந்த வளர்த்திக்குப் பள்ளிச் சீருடை எதுவும் எட்டவில்லை. போகிற கல்யாணத்தில் எல்லாம் சென்னியப்பன் மகளைப் பக்கத்தில் நிறுத்தி, "என்ற பண்ணை முட்டைங்க. வேற ஒண்ணுமில்ல" என்று விளம்பரம் செய்தார். உயரத்தைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டவருக்கு, அதே உயரம் தோலில் விட்டுப்போன தடம் மட்டும் மகள் கணக்கில்.

"அப்பவே இருந்துதுன்னு நீங்க அந்த அத்தைகிட்டச் சொல்லலாமில்லம்மா?"

"சொன்னா நம்புவாங்களா சாமி? அம்மாக்காரி மூடி மறைக்கறான்னு அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

கதவுக்கு வெளியே செருமல் கேட்டது. மகள் அறைக்குள் வரக் கூச்சப்படுகிற கண்ணியவான் சென்னியப்பன், திரைக்கு அந்தப் பக்கம் நின்று குரல் கொடுத்தார்.

"ராசாத்தி, அந்த விசயம் எப்படி இருக்குது? மங்கிருச்சா?"

"சோறாங்க வேகறதுக்கு? இப்பத்தான் தடவியிருக்குது."

"சரி, கழுவிட்டுக் கெளம்பச் சொல்லு. சேலத்துல பெரிய ஸ்கின் டாக்டரம்மாகிட்ட நேரம் வாங்கிருக்கறேன். பொழுதோட மாப்ள ஊட்டுக்காரங்க வேற வாராங்க. அதுக்குள்ள ஒரு முடிவு பண்ணிட்டு வந்தரலாம்."

"அவங்க எதுக்கப்பா வர்றாங்க?" மோனிஷா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். வெள்ளைக்கரு முதுகில் வழிந்தது.

"சம்பந்தி ஊட்டுக்குச் சம்பந்தி எதுக்கு வருவாங்க? காப்பி குடிக்கத்தான்."

செருப்புச் சத்தம் வேகமாக அகன்றது.

---

சேலம் டாக்டர் நர்மதாவின் கிளினிக்கில் ஆடம்பரம் என்று எதுவும் இல்லை. அதுவே சென்னியப்பனுக்குச் சந்தேகமாக இருந்தது. நீரூற்று இல்லை, கண்ணாடிப் படிக்கட்டு இல்லை. இந்தம்மா கையில் கோடு அழியுமா?

தன் விசிட்டிங் கார்டைக் கொடுத்தார். நர்மதா அதை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "நீங்க கொஞ்சம் வெளிய இருங்க சார். பொண்ணைப் பார்த்துட்டுக் கூப்பிடறேன்" என்றார். எருமப்பட்டி வட்டாரத்தில் அவரை வெளியே இருக்கச் சொன்னவர்கள் அபூர்வம். போய் உட்கார்ந்தார். சுவரில் படர்தாமரை பற்றிய படம் இருந்தது. அதைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

திரும்ப அழைத்தபோது மோனிஷா நேராக உட்கார்ந்திருந்தாள். ராசாத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செலவைப் பத்திப் பேச்சே இல்லீங்க டாக்டரம்மா" என்று ஆரம்பித்தார் சென்னியப்பன். "தை மாசம் கல்யாணம். அதுக்குள்ள சுத்தமா அழிஞ்சிரணும். எந்த மெசின் வேணும்னாலும் வைங்க."

"அழியாது."

"என்னங்க?"

"லேசர் இருக்கு. சின்னச் சின்ன ஊசியால குத்தித் தோலைத் தூண்டிவிடற முறை இருக்கு. விட்டு விட்டு, மாசக்கணக்கில செய்யணும். கொஞ்சம் மங்கும், பள்ளம் கொஞ்சம் சமமாகும். மறையாது. புதுசா, சிவப்பா இருக்கறப்போ வந்திருந்தா சில க்ரீமுக்கு ஓரளவு கேக்கும். இது வெளுத்துப் போன பழைய தழும்பு. எண்ணெய், வெள்ளைக்கரு எல்லாம் தோலை வழவழப்பா வைக்கும், அவ்வளவுதான்."

"அப்ப இந்த டியூபு?" ராசாத்தி பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

நர்மதா அதைப் படித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இதை யார் கொடுத்தாங்க? இதில ஸ்டீராய்டு இருக்குங்கம்மா. நாள்பட தடவுனா தோல் மெலிஞ்சு, இல்லாத இடத்திலயும் புதுசா இதே கோடு விழும். இன்னைக்கோட நிறுத்திருங்க."

கோட்டை அழிக்க வாங்கியது கோடு போடும் மருந்து. மருந்துக்கடைக்காரர் கைகண்டது என்று சொன்னதில் பொய்யில்லை. எதற்கு என்றுதான் சொல்லவில்லை.

"வளர்ற வயசுல சடக்குனு உயரம் போட்டா வரும்" என்று நர்மதா தொடர்ந்தார். "எடை ஏறினா வரும், கர்ப்பத்துல வரும். வராமயும் போகும், அது அவங்கவங்க உடம்புவாகு. ஜிம்முக்குப் போற பசங்களுக்குத் தோள்பட்டையில வரும், உடம்பு ஏத்த ஸ்டீராய்டு ஊசி போட்டா இன்னும் அதிகமா வரும். இங்க வர்றவங்கள்ல எத்தனையோ பேர் ஆம்பளைங்க. இது நோய் இல்ல சார். உங்க பொண்ணு தனக்கு வேணும்னு கேட்டா செய்யலாம். உங்களுக்கு வேணும்னு நீங்க கேட்டா என்னால செய்ய முடியாது."

சென்னியப்பன் பேரம் படியாத வியாபாரியின் முகத்தோடு, கவிழ்ந்து கிடந்த தன் கார்டை நிமிர்த்தி வைத்தார். பிறகு அவருக்கு வெளிச்சம் வந்தது.

"அப்ப ஒண்ணு செய்ங்க. இது பிரசவக் கோடு இல்லைன்னு உங்க லெட்டர்பேடுல ஒரு சர்டிபிகேட் எழுதிக் குடுத்திருங்க. சீல் வச்சு."

"நான் வாங்க மாட்டேன்" என்றாள் மோனிஷா.

"நீ சும்மா இரு அம்முணி. நாம மஸ்கட்டுக்கு முட்டை அனுப்பறோம். சர்டிபிகேட் இல்லாம ஒரு பெட்டி கப்பல் ஏறுமா?"

"நான் எந்தக் கப்பல்ல ஏறப் போறேன்?"

"புரியாமப் பேசாத. நம்ம சரக்கு நல்ல சரக்குன்னு நமக்குத் தெரியும். வாங்கறவனுக்கு ஒரு நம்பிக்கை வேணுமில்ல?"

தான் என்ன சொன்னோம் என்பது சென்னியப்பனுக்கு மட்டும் எட்டவில்லை.

மோனிஷா எழுந்தாள். "டாக்டர், தேங்க்ஸ். என்ற முதுகுக்கு நான் யார்கிட்டயும் ரசீது வாங்கறதா இல்லீங்க."

நர்மதா எழுந்து கதவுவரை வந்தார். அவர் கதவுவரை வந்தது சென்னியப்பனுக்காக அல்ல.

கார் ராசிபுரம் தாண்டியது. முன்சீட்டில் சென்னியப்பன் ஏசியைக் கூட்டினார், குறைத்தார், திரும்பவும் கூட்டினார். பின்சீட்டில் மோனிஷா போனில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஓரிடத்தில் நிறுத்தினாள். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"என்ன சாமி அது?" என்றாள் ராசாத்தி.

"ஒண்ணுமில்லம்மா. உங்க வருங்கால மருமகன் ஜிம்முல நிக்கறார்."

---

நான்கு மணி வாக்கில் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள்.

மாப்பிள்ளையின் தகப்பனார் நவநீதகிருஷ்ணன் போர்வெல் வண்டி முதலாளி. அவருடைய ரிக் ஆந்திராவில் ஓடுகிறது, ஆப்பிரிக்காவிலும் ஓடுகிறது என்பதை முதல் வாய்க் காப்பிக்குள் சொல்லிவிடுவார். ஜானகியம்மாள் பட்டில் வந்திருந்தார். அவமானப்படுத்த வருகிறவர்கள் மரியாதையாக உடுத்திக்கொண்டு வருவதுதானே முறை. தனப்பிரியா தாயை ஒட்டியபடி உட்கார்ந்தாள். மாப்பிள்ளை கௌதமன், தோளையும் புஜத்தையும் இறுகப் பிடித்த டீ-ஷர்ட்டில், சோபாவில் முக்கால்வாசியை நிரப்பிக்கொண்டான்.

மழை, முட்டை விலை, டீசல் விலை எல்லாம் பேசி முடிந்தது. மோனிஷாவும் ராசாத்தியும் சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தார்கள்.

"அப்பறம் அந்த விசயம்…" என்று இழுத்தார் ஜானகியம்மாள்.

"பேச்சுக்கே இடமில்லீங்க" என்றார் சென்னியப்பன். "லோடு அனுப்பறதுக்கு முன்னாடி டெஸ்ட் எடுக்கறது வியாபாரத்துல இருக்கறதுதான். அதுல தப்பு சொல்ல முடியுங்களா?"

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் நவநீதகிருஷ்ணன் உற்சாகமாக. "நாங்க போர் போடறதுக்கு முன்னாடி தண்ணி இருக்கற பாயிண்ட் பாக்காம வண்டியை நிறுத்த மாட்டோம். பாயிண்ட் பாத்துட்டா அப்பறம் ஆயிரம் அடி போனாலும் மனசு ஆடாது."

ஒருவருக்கு அவள் முட்டைப் பெட்டி, இன்னொருவருக்குக் காய்ந்த நிலம். இரண்டு முதலாளிகளும் ஒருவரையொருவர் மெச்சித் தலையாட்டிக்கொண்டார்கள்.

"எந்த டெஸ்ட்?" மோனிஷா கூடத்துக்கு வந்துவிட்டாள்.

"வா கண்ணு" என்றார் ஜானகியம்மாள் தேன் ஒழுக. "நேத்தே உங்கப்பா போன்ல சரின்னுட்டாரே. நாளைக்குக் காலைல டாக்டரம்மா வரச் சொல்லிருக்காங்க. நானும் தனாவும் கூடவே இருப்போம், பயப்படாத. உள்ள பாத்தா ஒரு நிமிசத்துல சொல்லிருவாங்க, புள்ள பெத்த உடம்பா இல்லையான்னு."

மோனிஷா தகப்பனைப் பார்த்தாள். அவர் காப்பி டம்ளருக்குள் பார்த்தார்.

"நேத்தே சரின்னுட்டீங்களாப்பா?"

"அது வந்து சாமி…"

"அப்பறம் எதுக்குச் சேலம் போனோம்? வெள்ளையடிச்சுட்டு அனுப்பறதுக்கா? கோடு மங்குனா சரி, மங்கலைன்னா நாளைக்கு மேசையில ஏறிப் படுத்துக்கன்னு முடிவு பண்ணிட்டுத்தான் காரெடுத்தீங்களா?"

"மெதுவாப் பேசு. சம்பந்தி இருக்காங்க."

"அவங்க என்னைய உள்ள பாக்கறதப் பத்திப் பேசறாங்க. நான் மெதுவாப் பேசணுமா?"

கௌதமன் இடையில் புகுந்தான். பெருந்தன்மை காட்ட இதுதான் நேரம் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். "மோனி, எனக்குச் சந்தேகமே இல்ல. சத்தியமா. அம்மா திருப்திக்காக ஒருக்கா, அவ்வளவுதான். அதுக்கப்பறம் இதைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

"உங்கம்மா திருப்திக்கு நீங்க எந்த மேசையில ஏறிப் படுத்தீங்க?"

"என்னங்க இது பேச்சு?" என்றாள் தனப்பிரியா.

"உங்ககிட்டதான் வர்றேன் அண்ணி. அன்னைக்குப் புடவை கட்டிவிடும்போது பெருமையாச் சொன்னீங்க, ரெண்டு புள்ளை பெத்தும் வயித்துல ஒரு கோடு கெடையாது, குங்குமப்பூத் தைலம்னு. சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன். அதுக்கென்ன?"

"கோடு இருந்தா புள்ளை பெத்தவன்னா, கோடு இல்லாத நீங்க யாரோட புள்ளைங்களுக்கு டிபன் கட்டி ஸ்கூலுக்கு அனுப்பறீங்க?"

ராசாத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுவதற்கு அல்ல.

"இப்ப நீங்க" என்று கௌதமன் பக்கம் திரும்பினாள் மோனிஷா. "அந்தச் சட்டைக் கையைக் கொஞ்சம் மேல ஏத்துங்க."

"எதுக்கு?"

"ஊருக்கே காட்டற புஜந்தானே, கூச்சம் என்ன? சரி, நானே காட்டறேன்." போனைத் திருப்பி நடுமேசையில் வைத்தாள். படத்தில் கை இரண்டையும் மடக்கி, மேல்சட்டை இல்லாமல் கௌதமன் கண்ணாடி முன்னால் நின்றான். அக்குளிலிருந்து தோள்பட்டைக்கு ஏறியது ஒரு கொத்துக் கோடு. அவளுடையவை வெள்ளை. அவனுடையவை இன்னும் செக்கச்செவேல்.

"இது எத்தனாவது மாசம்ங்க? தலைப்பிரசவமா?"

நவநீதகிருஷ்ணன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பாயிண்ட் பார்க்கிறவர் அல்லவா. "அட, ஆமா. இதென்னடா கௌதமா?"

"ஜிம்முக்குப் போனா வரும்ப்பா. எல்லாருக்கும் வரும்."

"அதேதான் சேலத்து டாக்டரும் சொன்னாங்க" என்றாள் மோனிஷா. "உங்களுக்குன்னா ஜிம், எனக்குன்னா புள்ளை."

"ஆம்பளைப் பையனும் பொண்ணும் ஒண்ணாயிருமா?" ஜானகியம்மாளின் தேன் தீர்ந்துபோயிருந்தது. "ஊரு உலகத்துல பொண்ணைத்தான் பாக்குது. நாங்க உங்க ஊட்டுக்கு வாக்கப்படலை, எங்க ஊட்டுக்குத்தான் உன்னைய எடுக்கறோம். ஒரு பரிசோதனைக்குச் சம்மதிக்க மாட்டேன்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

"சம்மதிக்கறேன் அத்தை."

கூடமே திரும்பியது. சென்னியப்பன் முகத்தில் ஏற்றுமதி அனுமதி கிடைத்த களை வந்தது.

"நாளைக்கே வாரேன். ஆனா கையோட உங்க பையனும் வரணும். ரத்தம் எடுக்கட்டும், எல்லா டெஸ்டும் பண்ணட்டும். தலையில இருந்து கால்வரைக்கும். நான் சொல்ற டாக்டர்கிட்ட. ரெண்டு பேர் முடிவையும் இதே கூடத்துல, இதே ஆளுங்க முன்னாடி படிச்சுக் காட்டணும். லோடு ரெண்டு பக்கமும் போகுதில்ல? வாங்கற எங்களுக்கும் ஒரு நம்பிக்கை வேணுமில்ல?"

"நியாயமான பேச்சுதானே?" என்றார் நவநீதகிருஷ்ணன், தன்னை மறந்து.

"வேண்டாம்!" என்றான் கௌதமன்.

அவன் சொன்ன வேகத்தில் காப்பி டம்ளர் உருண்டது. எழுந்து நின்றிருந்தான். ஊதிப் பருத்த அந்த உடம்பில் முகம் மட்டும் சட்டென்று சின்னதாகிவிட்டதுபோல் இருந்தது.

"ஏன்டா?" என்றார் தகப்பனார். "நீ என்ன, ஒரு ஊசிக்குப் பயமா?"

"ரத்தமெல்லாம் எதுக்குப்பா? எனக்கென்ன வியாதியா? அம்மா, கெளம்பலாம்."

ஜானகியம்மாள் மகனைப் பார்த்தார், மோனிஷாவைப் பார்த்தார். கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பெண் வீட்டின் பக்கமே போனது. "இந்த வாய்க்காரிய மருமகளா எடுக்கறதுக்கு நாங்க ஒருக்காவுக்கு ரெண்டுக்கா யோசிக்கணும். சம்பந்தி, நீங்களே பேசி உங்க புள்ளையை வழிக்குக் கொண்டாங்க. நாளைக்குக் காலைல வந்தா கல்யாணம். இல்லைன்னா நீங்களே தெரிஞ்சுக்கங்க."

வாசலில் கார் கிளம்பும்வரை நவநீதகிருஷ்ணன் மட்டும், "ரத்தந்தானே, எடுத்தா என்ன?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

---

"போச்சு!" என்று வெடித்தார் சென்னியப்பன். "எல்லாம் போச்சு! பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. மண்டபத்துக்குச் சொல்லியாச்சு. பந்தல்காரன்கிட்ட முட்டையைக் கவுத்த மாதிரி வாசல் போடச் சொல்லியிருக்கறேன்! இனி ஊருக்குள்ள எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நடப்பேன்?"

"நீங்க கவலைப்படறது அந்த வாசலுக்கா, எனக்கா?"

"உனக்காகத்தான் சாமி! ஒரே ஒரு நிமிசம். கண்ணை மூடிக்கிட்டுப் போயிட்டு வந்திருந்தா முடிஞ்சுது. கீறல் இல்லைன்னு தெரிஞ்சா அவங்க வாயடைச்சுப் போயிருப்பாங்க."

"கீறல் இருந்தா? பேக்கரிக்குப் பாதி விலைக்குத் தள்ளிருவீங்களா? பண்ணையில அதைத்தானே செய்வீங்க?"

"அப்பன்கிட்டப் பேசற பேச்சா இது?"

"அப்பனா இருந்து நேத்து அந்தப் போன்ல ஒரு வார்த்தை பேசியிருந்தா, இன்னைக்கு இந்தப் பேச்சு எனக்கு எதுக்கு? என்னைக்கு வளர்ந்தேன், எப்படி வளர்ந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு நடந்தீங்களே!"

"பொண்ணுன்னு இருந்தா பொறுத்துத்தான் போகணும்! நான் பாத்த வரைக்கும் கல்யாணத்துக்கு முன்னாடி எந்தப் பொம்பளைக்கும் இந்த மாதிரி கோடு இருந்து நான் கேள்விப்பட்டதே இல்ல. அப்பறம் அவங்க சந்தேகப்படாம என்ன பண்ணுவாங்க?"

"ஏனுங்க."

ராசாத்தி சமையற்கட்டு வாசலை விட்டு வந்தாள். உருண்ட டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். இந்த வீட்டில் அவள் பேச்சு பெரும்பாலும் 'ஏனுங்க' என்று ஆரம்பித்து, 'சரிங்க' என்று முடியும். சென்னியப்பன் அந்தச் 'சரிங்க'வுக்காகக் காத்திருந்தார்.

"எனக்கும் இருக்குதுங்க."

"என்னது?"

"இதே கோடு. இதே இடத்துல. இவளைப் பெத்ததுல வந்ததில்ல. எட்டாவது படிக்கறப்பவே வந்துது. கண்ணாலத்தன்னைக்கும் இருந்துது."

சென்னியப்பன் மனைவியைப் பார்த்தார். புடவை மூடிய இடுப்பைப் பார்த்தார். பார்வை மறுபடி அவள் முகத்துக்கு வந்தது.

"நீ சொல்லவே இல்ல?"

"எதுக்குச் சொல்றது? இத்தனை வருசம் ஒரே ஊட்டுலதானுங்க இருக்கறோம்." ராசாத்தியின் குரல் உயரவே இல்லை. "ஒருக்காகூட நீங்க பாத்ததில்லையா?"

தீவன விலைக்கும், கோழிச் சீக்குக்கும், ஆட்சியர் கேட்ட கேள்விக்கும் சட்டென்று பதில் சொல்லத் தெரிந்த சென்னியப்பன், கௌதமன் விட்டுப்போன முக்கால் சோபாவில் மெல்ல உட்கார்ந்தார். தன் வீட்டுக் கூடத்தை அப்போதுதான் முதல்தடவை பார்க்கிறவர்போல இருந்தது அவர் பார்வை.

"என்னைய அன்னைக்கு எந்த டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போகலை. அப்படிக் கூப்பிட்டிருந்தா, நான் கண்ணை மூடிக்கிட்டுப் போயிருப்பேன். இவ போக மாட்டேங்கறா. போக வேண்டாம். நாளைக்குக் காலைல அந்தம்மா போன் பண்ணுனா நான் எடுக்கறேன். நீங்க தீவனக் கிடங்குக்குப் பின்னால போகத் தேவையில்ல."

மோனிஷா தாயின் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு பேரும் ஒரே உயரம் என்பது சென்னியப்பனுக்கு உறைத்தது. முட்டைக்கு அதில் எவ்வளவு பங்கு என்று இப்போது அவரால் சொல்ல முடியவில்லை.

அப்போது மேசையில் இருந்த மோனிஷாவின் போன் அதிர்ந்தது. கௌதமன். கார் நாமக்கல்கூடத் தாண்டியிருக்காது.

முதலில் ஒரு செய்தி வந்தது. 'மோனி, ப்ளீஸ். பிளட் டெஸ்ட் பேச்சை விட்டுரு. அம்மாவை நான் சமாளிச்சுக்கறேன், நீயும் எங்கயும் போக வேண்டாம்.' அதை அவள் படித்து முடிப்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது.

மோனிஷா எடுத்தாள். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு, தகப்பனுக்கும் தாய்க்கும் நடுவில் மேசைமேல் வைத்தாள்.

"மோனி?" குரல் கிசுகிசுத்தது. பின்னணியில் பெட்ரோல் பங்கின் இரைச்சல். "அவங்க டீ குடிக்கறாங்க, நான் தள்ளி வந்து பேசறேன். ஒரு விசயம் உன்கிட்ட மட்டும் சொல்லணும். எங்க ஊட்டுல ஒருத்தருக்கும் தெரியாது. பக்கத்துல யாரும் இல்லையே?"

"எல்லாரும் இருக்காங்க" என்றாள் மோனிஷா. "சொல்லுங்க."

(தொடரும்)